ஏ மைனஸ் டி: கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. "இயற்கணிதத்துல அம்பதுக்குப் பதினாலுப்பா" என்றாய். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இங்கிலீஷ்ல நடத்துறது புரியல, பயமா இருக்கு. வேற டிபார்ட்மென்ட் மாத்திக் குடுப்பாங்களான்னு கேக்கட்டுமா?" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் மெஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். ராத்திரி பூராவும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் மாமா நாளைக்கு விடியற்காலையில் கோயம்பேட்டுக்குத் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு போகிறார். ஆயா உனக்காக ராகி மாவும் புளியும் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பையிலேயே இதையும் வைத்து அனுப்புகிறேன். மண்டிச் சிட்டை எல்லாம் எழுதி முடித்துவிட்டேன், மணி பத்தாகிறது. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் திரும்பப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடைத்தாளைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, எங்கே சறுக்கினாய் என்று பார்த்தேன். இரண்டாவது கணக்கில் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது ஒரு மைனஸை விட்டிருக்கிறாய். அதற்கு அப்புறம் நீ செய்ததெல்லாம் சரி, ஆனால் விடை தப்பு. நான்காவதில், நடுவே எக்ஸ் ஸ்கொயர் சமம் ஐந்து எக்ஸ் என்று வந்ததும் இரண்டு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதிவிட்டாய். பூஜ்ஜியமும் ஒரு விடைதானே கண்ணு? எக்ஸ் பூஜ்ஜியமாக இருந்துவிட்டால் அதால் வகுக்கவே முடியாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்திருந்தால் இரண்டு விடையும் கண்முன்னால் நின்றிருக்கும்.

ஆறாவது கணக்கு எழுதவேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. கேள்வி எண்ணை மட்டும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாய். மூலங்கள், அதாவது எக்ஸுக்கு வரும் மூன்று விடைகள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஒரே மடங்காகப் பெருக்குத் தொடரில் இருக்கும் முப்படிச் சமன்பாடு. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் என் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அதே பக்கத்தை நானும் ஒரு நாள் வெள்ளையாக விட்டுவிட்டு எழுந்து வந்தவன்.

அப்பா பி.எஸ்சி. கணக்கு படித்தவர் என்று உனக்குத் தெரியும். இந்த இயற்கணிதத் தாளில் இரண்டு தடவை அரியர் வைத்தவர் என்று உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்குத் தெரியும். தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. பரீட்சைக் கட்டணத்துக்குக் காசு வேண்டுமென்று அவரிடம் கேட்டபோதெல்லாம் வேறு ஏதோ தாள் என்று சொல்லிவிட்டேன். வெயிலில் நிலக்கடலை பிடுங்கிய கையால் அவர் எண்ணிக் கொடுத்த நோட்டுகள் அவை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நான் படிக்காமல் தோற்கவில்லை. மூலங்கள் ஒரே அளவு கூடிக்கொண்டே போகிற கூட்டுத் தொடரில் இருந்தால் ஏ மைனஸ் டி, ஏ, ஏ பிளஸ் டி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். நோட்டில் இருந்த கணக்கைப் புள்ளி மாறாமல் எழுதிவிடுவேன். பரீட்சையில் கூட்டுத் தொடருக்குப் பதில் பெருக்குத் தொடர் என்று ஒரு சொல்லை மாற்றிக் கேட்டார்கள். அவ்வளவுதான், எனக்குக் கதவே மூடிவிட்டது.

முதல் பருவத்தில் ஒரு நாள் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டிருந்தேன். "இதுகூடத் தெரியாமலா கணக்கு எடுத்தாய்?" என்று வகுப்பு எடுத்தவர் கேட்டார், மொத்த வகுப்பும் சிரித்தது. அதோடு மூன்று வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது தப்பு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வருஷத்தை விட்டுக்கொடுத்தேனே, அது அதைவிடப் பெரிய தப்பு.

மூன்றாவது தடவை எழுதுவதற்கு முன்னால் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்றிருந்த ஒரு கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். கூட்டுத் தொடர் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னார். முப்படிச் சமன்பாட்டின் கெழுக்கள், அதாவது எக்ஸ் கியூபிலிருந்து கடைசி எண் வரைக்கும் முன்னால் நிற்கும் எண்கள், வரிசையாக 1, −6, 11, −6. நான் மளமளவென்று ஏ மைனஸ் டி என்று ஆரம்பித்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, "ஏன் மைனஸ் டி? ஏ, ஏ பிளஸ் டி, ஏ பிளஸ் இரண்டு டி என்று எடுத்தால் என்ன குறை?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை தடவை எழுதியும் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

மூன்றையும் கூட்டிப் பார் என்றார். கூட்டினேன். மைனஸ் டியும் பிளஸ் டியும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மூன்று ஏ மட்டும் நின்றது. முதல் கெழு 1 என்பதால், இரண்டாவது கெழுவின் குறியை மாற்றினால் மூலங்களின் கூட்டுத்தொகை, கடைசிக் கெழுவின் குறியை மாற்றினால் பெருக்கற்பலன். ஆக, கூட்டுத்தொகை 6. அப்படியென்றால் ஏ என்பது 2. ஒரே வரியில் ஒரு மூலம் கைக்கு வந்துவிட்டது. மூன்றையும் பெருக்கினால் 6 வரவேண்டும், அதிலிருந்து டி என்பது 1. மூலங்கள் 1, 2, 3. தெரியாத இரண்டில் ஒன்று தானாகவே மறைந்துபோகிற மாதிரி பெயர் வைக்கிறோம், அதற்காகத்தான் அந்த மைனஸ்.

"சரி, இப்போது பெருக்குத் தொடர். எப்படிப் பெயர் வைப்பாய்?" என்றார். கூட்டும்போது மறையவேண்டும் என்றால் ஒன்றில் கழித்து ஒன்றில் கூட்டினோம். பெருக்கும்போது மறையவேண்டும் என்றால் ஒன்றை வகுத்து ஒன்றைப் பெருக்கவேண்டும். ஏ கீழ் ஆர், ஏ, ஏ ஆர். என் வாயிலிருந்துதான் வந்தது, அவர் சொல்லவில்லை. மூன்றையும் பெருக்கினால் ஆர் காணாமல் போய் ஏயின் கனம் மட்டும் நிற்கும். உன் விடைத்தாளில் இருந்த மாதிரிக் கணக்குதான்: கெழுக்கள் 1, −7, 14, −8 என்று வைத்துக்கொள். பெருக்கற்பலன் 8, ஆகவே ஏ என்பது 2. கூட்டுத்தொகை 7 என்று எழுதினால் ஆருக்கு ஒரு இருபடிச் சமன்பாடு வரும், ஆர் 2 அல்லது அரை. எதை எடுத்தாலும் மூலங்கள் 1, 2, 4தான். போட்டுப் பார்.

இரண்டு அரியரும் அந்தத் திண்ணையில் கால் மணி நேரத்தில் தீர்ந்துபோனது கண்ணு. பள்ளியில் உன்னிடம் எதிர்பார்த்தது வேறு, கல்லூரியில் இந்தப் பாடம் உன்னிடம் எதிர்பார்ப்பது வேறு. பள்ளியில் பயிற்சிக் கணக்கு அப்படியே வரும், எண் மட்டும் மாறும். இங்கே ஒரு படியை ஏன் எடுத்தாய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பிளஸ் டூவில் நீ படித்த சமன்பாட்டியல்தான் இங்கே வளர்ந்து பெரிதாகி வந்திருக்கிறது. புதுப் பூதம் எதுவும் இல்லை.

ஆனால் அதற்கு அடியில் இருக்கிற சங்கதிகள் கை தானாகச் செய்கிற அளவுக்கு இருக்கவேண்டும். பின்னம், குறி, காரணிப்படுத்துதல் இந்த மூன்றையும் யாரும் அங்கே திரும்ப நடத்தமாட்டார்கள். உனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் முதல் நாளே ஆரம்பிப்பார்கள். உன் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை அட்டை போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். கல்லூரியில் யாராவது பார்ப்பார்களே என்று கூச்சப்படாதே. தினமும் பத்துக் காரணிப்படுத்தும் கணக்கு, இரண்டு வாரம் போடு.

குறி விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக மண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மைனஸும் மைனஸும் பெருக்கினால் எப்படிப் பிளஸ் ஆகும் என்று கேட்பாய். அப்போது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விவசாயி ஒருவர் மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார். அவர் கணக்கில் ஐந்நூறு ஐந்நூறாக மூன்று பற்று, அதாவது மைனஸ் ஐந்நூறு மூன்று. அந்த மூன்று பற்றையும் முதலாளி அடித்துவிட்டால், மூன்றை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம், மைனஸ் மூன்று. அந்த விவசாயிக்கு ஆயிரத்து ஐந்நூறு லாபமா இல்லையா? பிரம்மகுப்தர் என்ற பழைய கணக்கறிஞர் கி.பி. 628-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். கூட்டல் எண்ணைத் தனம் என்றும், கழித்தல் எண்ணை ருணம், அதாவது கடன் என்றும்தான் சொன்னார். மைனஸை விடும்போதெல்லாம் ஒருத்தர் கடனைச் சிட்டையில் எழுதாமல் விடுகிறாய் என்று நினைத்துக்கொள். நான் ஒரு நாள் அப்படி விட்டால் மறுநாள் மண்டியில் சண்டைதான்.

இங்கிலீஷ் புரியவில்லை என்றாயே, அது எனக்கு நன்றாகப் புரிகிறது. ராயக்கோட்டையில் தமிழில் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாய். ஆனால் கோஎஃபிஷியன்ட் என்று வகுப்பில் மேடம் சொல்வது உன் கெழுதான். ரூட் என்பது மூலம். போலினாமியல் என்பது பல்லுறுப்புக்கோவை. டினாமினேட்டர் என்பது பகுதி. ஒரு சின்ன நோட்டு வாங்கி, இடது பக்கம் அவர் சொல்கிற சொல், வலது பக்கம் உனக்குத் தெரிந்த சொல் என்று எழுதி வா. இந்தப் பருவத்துக்கு ஒரு நூறு சொல் வந்தாலே அதிகம். புதுமைப் பெண் பணம் மாசம் ஆயிரம் வருகிறதே, அதில் முதல் செலவு இந்த நோட்டும் நாலைந்து ரஃப் நோட்டுமாக இருக்கட்டும்.

ரஃப் நோட்டு என்றால் நிறையத் தீரவேண்டும். வகுப்பில் அவர் போர்டில் போடும்போது எல்லாம் புரிகிற மாதிரித்தான் இருக்கும். அது அவர் போடும் கணக்கு. அன்று ராத்திரியே நோட்டை மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் அதை நீயாகப் போட்டால்தான் எங்கே மாட்டுகிறாய் என்று தெரியும். ஒரு மணி நேரம் வகுப்பு என்றால் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவேண்டும் என்பது என் கணக்கு. யூடியூபில் யாரோ போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை இந்த இரண்டு மணி நேரத்தில் சேர்க்காதே. விடை வந்ததும் சமன்பாட்டில் போட்டுச் சரிபார். படிகளை விடாமல் எழுது. விடை தப்பினாலும் படிக்கு மதிப்பெண் உண்டு. அதைவிட முக்கியம், எங்கே தப்பினாய் என்று உனக்கே தெரியும்.

வருகை எழுபத்தைந்து சதவீதம் வேண்டும், இன்டர்னல் இருபத்தைந்து, பருவத் தேர்வு எழுபத்தைந்து. இதெல்லாம் உனக்கே தெரியும். முதல் டெஸ்டில் போனதை மீதி டெஸ்டுகளில் பிடித்துவிடலாம்.

சந்தேகம் கேட்பதைப் பற்றி. "புரியல மேடம்" என்று மட்டும் போய் நிற்காதே. நீ போட்ட தாளைக் கையில் கொண்டு போ. "இந்த வரிவரைக்கும் வந்துட்டேன் மேடம், இதுக்கு அப்புறம் ஏன் இப்படி?" என்று விரலை வைத்துக் காட்டு. அப்படிக் கேட்கிற பிள்ளையை விரட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லிவிட்டால் அன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணு. என்னை மாதிரி மூன்று வருஷம் உள்ளேயே வைத்துக்கொள்ளாதே.

நீ ஆறாவது படிக்கும்போது புளியமரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வைத்தியர் இரண்டு பக்கமும் மூங்கில் பட்டை வைத்துச் சமமாக இழுத்துக் கட்டினார். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்றார். அல்ஜீப்ரா என்ற சொல்லே அரபியில் அல்-ஜபர் என்பதிலிருந்து வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி தன் கணக்குப் புத்தகத்துக்கு அந்தச் சொல்லை வைத்தார். முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். அவர் காலத்துக்கு அப்புறம் முப்படிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் அச்சில் வர 1545 ஆகிவிட்டது. நீ இப்போது படிக்கிற, கார்டானோ என்ற இத்தாலியர் பெயரில் வழங்கும் கார்டன் முறைதான் அது. உலகமே அவ்வளவு வருஷம் எடுத்துக்கொண்டதற்கு, நீ இரண்டு மாசத்தில் பதினாலு வாங்கிவிட்டுத் துறை மாறப் பார்க்கிறாயே கண்ணு.

கணக்கு பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நானே வந்து துறை மாற்றக் கேட்டிருப்பேன், சத்தியமாக. நீ அப்படிச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னாய்.

இந்தப் பருவம் முடியட்டும். அப்புறமும் மாறவேண்டும் என்று தோன்றினால் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி நானே வருகிறேன்.

பையில் அடியில் புத்தகம் இருக்கிறது, மாவு கொட்டிவிடப் போகிறது, பார்த்து எடு. சனிக்கிழமை ராத்திரி மண்டி முடிந்ததும் கூப்பிடுகிறேன். அதற்குள் இந்த ஒரு கணக்கைப் போட்டு வை. கெழுக்கள் 6, −11, 6, −1. மூலங்கள் இசைத் தொடரில் இருக்கின்றன. மூன்றுக்கும் என்ன பெயர் வைப்பாய்? திண்ணையில் நான் போட்ட முதல் கணக்கின் கெழுக்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார். விடையை நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா
ராயக்கோட்டை