குளக்கரையில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

குளக்கரையைச் சுத்தம் செய்யத் தொடங்கிய எங்கள் சிறு குழுவுக்கு ஒரு வயது ஆகிறது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எண்ணியவர்களுக்கு. குப்பையைப் பொறுக்கினால் போதாதா, எதற்கு ஒவ்வொன்றாக எண்ணி எழுதவேண்டும் என்று தொடக்கத்தில் நானே கேட்டேன். அப்போது உங்களில் ஒருவர் 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் நடந்ததைச் சொன்னார். அங்கே சுத்தம் செய்ய வந்தவர்கள், எடுத்த பொருளையெல்லாம் அட்டையில் குறித்து வைத்தார்களாம். இன்று பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் கடற்கரைத் தூய்மைப் பணி அதிலிருந்து வளர்ந்ததுதான். சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று ஒரு நோட்டு வாங்கினோம்.

பைகளும் பாட்டில்களும்தான் அதிகம் கிடக்கின்றன என்று நினைத்திருந்தோம். வாரக்கணக்கில் கோடு போட்டுக் கூட்டியபோது சிகரெட் துண்டுகள் எல்லாவற்றையும் முந்தியிருந்தன. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும் அந்த வடிகட்டி செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். எளிதில் மட்காது, நிகோட்டினையும் மற்ற நச்சுகளையும் தண்ணீரில் கசியவிடும். முதுகு வலிக்கக் குனிந்து அவற்றை எண்ணியவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். பிள்ளைகளே, சிகரெட்டை அணைத்துப் போடுவதற்கான மணல் தொட்டிகளை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே வரவில்லை. இடத்தை உங்கள் நோட்டே காட்டிவிட்டது.

அந்த நோட்டோடுதான் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போனோம். அங்கே எங்களை உட்காரவைத்து, எந்த வாய்க்கால் வழியாகக் கழிவுநீர் குளத்துக்கு வருகிறது என்று வரைபடத்தை விரித்துக் காட்டிய அலுவலருக்கு மனமார்ந்த நன்றி. சுற்றுச்சூழல் விஷயங்களை அக்கறையுள்ள மக்கள் எல்லோரும் பங்கேற்கும்போதுதான் நன்றாகக் கையாள முடியும், அரசிடம் இருக்கும் தகவல் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று 1992-ஆம் ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் நாடுகள் ஏற்ற ரியோ பிரகடனத்தில் 10-ஆவது கோட்பாடு சொல்கிறது. தகவலைத் தராமல் மக்களைக் கூப்பிட்டால் அது கூலியில்லாத வேலை வாங்குவதாகிவிடும். நீங்கள் எங்களை அப்படி நடத்தவில்லை.

தூய்மைப் பணியாளர்களே, ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் கலந்தால் இரண்டுமே வீண் என்று பையைக் கொட்டிக் காட்டினீர்கள். நாங்கள் போட்ட கூட்டங்களைவிட அந்த ஐந்து நிமிடம் அதிகம் கற்றுத் தந்தது. நாங்கள் ஒருநாள் செய்ததை நீங்கள் தினமும் செய்கிறீர்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்புறம், உரக்குழி. அடுக்ககத்தின் பின்புறம் நாங்கள் போட்ட முதல் குழி நாறிவிட்டது. சமையல் கழிவை மட்டுமே கொட்டிக்கொண்டிருந்தோம். ஈரம் மிகுந்து காற்றுப் புகாமல் அழுகியதால்தான் அந்த நாற்றம். குப்பை மேடுகளின் அடியில் மீத்தேன் உருவாவதும் இப்படிக் காற்றில்லாமல் அழுகுவதால்தானே. காய்ந்த சருகைக் கலந்து, வாரம் ஒருமுறை கிளறிவிடச் சொன்ன தோட்டக்காரப் பெரியவரே, ஐயா, உங்கள் கைப்பக்குவம்தான் அந்தக் குழியைக் காப்பாற்றியது. அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, மேலே புகார் கொடுக்காமல் எங்களிடமே வந்து சொன்ன பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நன்றி. வீடுவீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்த அக்காமார்களே, நீங்கள் தட்டிய கதவுகளில் பாதி முதல் தடவை திறக்கவே இல்லை. மறுபடியும் போனீர்களே, அதை மறக்கமாட்டேன்.

நடுவில் வேலையாலும் உடல்நிலையாலும் வர முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வந்த நாட்களின் கணக்கும் நோட்டில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வாருங்கள்.

இரண்டு நோட்டுகள் நிறைந்துவிட்டன. மூன்றாவதன் முதல் பக்கத்தில் உங்கள் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் ஞாயிறு காலை கரையில் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
குழுவின் சார்பில், உங்களில் ஒருத்தி