அந்தக் கேள்விக்குக் காது கொடுத்திருந்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழுவாக வேலை செய்வது பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு 1977 மார்ச் 27-ம் தேதி ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்த விமான விபத்துதான் நினைவுக்கு வரும். கடும் மூடுபனி, அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானம் ஓடுபாதையை விட்டு விலகாமல் இருக்கும்போதே நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் வேகமெடுத்துவிட்டது. பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் வாய்விட்டே கேட்டார், ஆனால் பல வருட அனுபவமுள்ள தலைமை விமானி விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார், அதற்குமேல் விமானிகள் அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அப்புறம்தான் இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் காது கொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதைத் தொடங்கியது.

நான் மேற்பார்வையாளராக இருந்த நூற்பாலையில், இயந்திரத்தின் சத்தம் மாறுவதை முதலில் சொல்வது பக்கத்தில் நிற்கும் பெண்கள்தான். பல நாள் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு. நம் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், அதிகாரி கடைசியில் பேசட்டும்.

ஓய்வுபெற்ற நூற்பாலை ஊழியர், கோவை