மதில்மேல் படர்ந்தவை: கயலுக்கு ஒரு கடிதம்

ஹலசூர், பெங்களூரு

அன்புள்ள கயல்,

மல்லேஸ்வரத்து வீட்டின் மதில்சுவரைச் சுற்றிலும் படம் பிடித்து அனுப்பி, எது என்ன செடி என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதிவிட்டால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரருகே நின்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தை தவழ்ந்து வாசற்படியைத் தாண்டத் தொடங்கிவிட்டாள் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் எனக்கு மனமில்லை.

பள்ளியில் தாவரவியல் நடத்திய காலமெல்லாம் நான் வற்புறுத்திச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்: பூவுக்கு முன் இலையைப் பார். பூவின் நிறத்தை நம்பினால் நான்கு வேறு செடிகளை ஒன்றென்று எண்ணிவிடுவாய். ஆண்டில் பல மாதங்கள் பூவே இராது. இலைகள் கணுவில் எப்படி அமைந்திருக்கின்றன, காம்பைக் கிள்ளினால் பால் வடிகிறதா, கொடியானால் அது எதைக்கொண்டு ஏறுகிறது என்ற மூன்றையும் கவனித்தாலே பெங்களூரு மதில்களில் காண்பவற்றில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

உன் படங்களில் என்னைக் கவலைப்படுத்துபவை கேட்டை ஒட்டியுள்ள மஞ்சள் பூக்கள்தாம். எல்லாம் ஒரே செடி என்று நீ எழுதியிருக்கிறாய். அங்கே மூன்று இருக்கின்றன. அகன்ற இதழ்கள் விரிந்து, கணுவுக்கு மூன்று நான்கு இலைகள் வட்டமாக நிற்பது அலமண்டா. அதற்குப் பற்றிக்கொள்ளும் சுருள் இழையான பற்றுக்கம்பியும் இல்லை, சுற்றிக்கொள்ளும் வழக்கமும் இல்லை, சுவரின்மேல் சாய்ந்துதான் நிற்கும். பல்போன்ற விளிம்புடைய சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை எதிரெதிராக அமைந்து, கிள்ளினால் பால் வராமல், மெல்லிய நீண்ட காய்கள் தொங்குவது நர்சரிக்காரர்கள் டெக்கோமா என்று சொல்லித் தருவது. மூன்றாவதுதான் மஞ்சள் அரளி: ஒடுங்கிப் பளபளக்கும் தனியிலைகள் தண்டைச் சுற்றி மாறி மாறி நெருக்கமாக அமைந்திருக்கும், பூ முழுதாக விரியாமல் மணிபோலத் தொங்கும், காய் பச்சையாக முக்கோண வடிவில் தோன்றி முதிர்ந்ததும் கறுத்துவிடும். அலமண்டாவிலும் பால் உண்டு, அரளியிலும் பால் உண்டு. ஆகவே பாலை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இலையடுக்கையும் காயையும் சேர்த்துப் பார்.

மஞ்சள் அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. விதையில் உள்ள நஞ்சு இதயத்துடிப்பையே குலைத்துவிடும். சிவனுக்குச் சாத்துவதற்காக விடியற்காலையில் பறித்துச் செல்பவர்கள் உன் தெருவிலும் இருப்பார்கள். பூவைத் தொடுவதால் ஆபத்தில்லை, வாயில் போவதே ஆபத்து. அதை அகற்றித்தரும்படி ஹவுஸ் ஓனரிடம் நேரே கேட்டுவிடு. அதுவரை உதிர்ந்த காய்களை அன்றன்றே பெருக்கி அள்ளிவிட வேண்டும். குழந்தை ஏதேனும் மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடு. மூலையில் இளநீலப் பூவும் பொன்னிறப் பழக்கொத்தும் கொண்டு நிற்கும் டுராண்டாவின் பழமும் குழந்தைக்கு ஆகாது. அதன் பக்கத்தில் கிடக்கும் முள்ளோடு கூடிய, நாற்கோணத் தண்டுடைய உண்ணிச்செடியின் பச்சைக் காய்க்கும் அதுவே பொருந்தும்.

இனிக் கொடிகள். கொடிகள் எப்படியெல்லாம் ஏறுகின்றன என்பதைத் தம் வீட்டிலேயே வளர்த்துப் பார்த்து 1865இல் நீண்ட கட்டுரையாக எழுதியவர் சார்லஸ் டார்வின். சுற்றி ஏறுபவை, பற்றுக்கம்பியால் ஏறுபவை, கொக்கி முள்ளால் ஏறுபவை, வேரால் ஒட்டி ஏறுபவை என்ற அந்தப் பகுப்பு உன் சுவருக்கு அப்படியே உதவும். மேற்குச் சுவரின் கம்பியைத் தண்டாலேயே சுற்றிக்கொண்டு, எதிரெதிர் இலைகளும் மஞ்சள் தொண்டையுடைய வெளிர்நீலப் பெரும்பூக்களுமாகத் தொங்குவது துன்பெர்ஜியா. அதனோடு பின்னிக் கிடப்பதும் சுற்றிக்கொடிதான். ஆனால் அதன் இலை ஐந்து விரலாகப் பிளந்து, மாறி மாறி அமைந்திருப்பதால் அதை ரயில்வே கொடி என்று சொல்லிவிடலாம். அதை இப்போதே கட்டுப்படுத்து, இல்லாவிட்டால் மற்றவற்றை மூடிவிடும்.

மாடிப்படியருகே இரண்டு இரண்டு சிற்றிலைகளும் அவற்றின் நடுவே பற்றுக்கம்பியுமாக இருப்பவை, பூக்காத காலத்தில் பார்த்தால், ஒன்றுபோலவே தோன்றும் இரு கொடிகள். இலையைக் கசக்கி முகர்ந்து பார். பூண்டு மணம் வந்தால் அது பூண்டுக்கொடி. கருஊதாவாக மலர்ந்து நாளடைவில் வெளிறும். மணம் இல்லாமல், பற்றுக்கம்பியின் நுனி மூன்றாகப் பிரிந்திருந்தால் அது பிரேசிலிலிருந்து வந்த பைரோஸ்டீஜியா. ஜனவரி, பிப்ரவரியில் பெங்களூருச் சுவர்களைச் செம்மஞ்சளாக மூடுவது இதுதான்; கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரின் குளிர்ந்த இரவுகள் அதற்கு நன்றாக ஒத்துப்போகின்றன. 1908 முதல் 1932 வரை லால்பாக் தாவரவியல் பூங்காவை நடத்திய ஜெர்மானியர் கிரும்பிகல், ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கும்படி இந்நகரத்துத் தெருக்களில் திட்டமிட்டு மரங்கள் வைத்தார். நம் மதில்களும் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் பெற்றிருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

காகிதப்பூவை, அதாவது பூகன்வில்லாவை, உனக்குத் தெரியும். ஒரு பூவை மட்டும் குழந்தைக்குப் பிரித்துக் காட்டு: நிறமாகத் தெரியும் மூன்றும் இதழ்களே அல்ல, பூவடிச்செதில்கள், அதாவது பூவின் அடியில் நிறம் மாறி நிற்கும் இலைகள், ஒவ்வொன்றிலும் ஒட்டி நிற்கும் சிறிய வெளிர்க்குழல்தான் பூ. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரை அது தாங்கியிருக்கிறது. நீர் குறைந்தால் அதிகம் பூக்கும் செடி அது. தினமும் தண்ணீர் ஊற்றாதே. இரங்கூன் மல்லிக்கு முள் கிடையாது, ஆனால் உதிர்ந்த இலைக்காம்பின் அடி கெட்டிப்பட்டு முள்போல நிற்பதால் கையைக் கீறும். அது மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதன்பின் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறம் இருப்பதைக் கண்டு மூன்று செடி என்று நினைத்துவிடாதே.

கிணற்றடிச் சுவரில் சிற்றிலையாக ஒட்டிப் படர்ந்திருப்பதும், அதன் மேற்பகுதியில் பெரிய தடித்த இலைகளோடு வெளியே நீட்டியிருப்பதும் ஒரே அத்திக்கொடிதான். இளங்கிளைகள் பற்றுவேரால் சுவரில் ஒட்டும், முதிர்ந்த கிளைகள் ஒட்டாமல் விலகிக் காய் பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த வேர்கள் விரிசலுக்குள் புகும் என்பதால், நீட்டிய கிளைகளை முதலில் கத்தரித்துவிடு. பால் படும், கையுறை போட்டுக்கொள், கண்ணைத் துடைக்காதே.

பின்சுவரில் இருக்கும் ஒன்று மட்டும் படத்தில் தெளிவாக இல்லை. இலை தொட்டால் உப்புத்தாள்போலச் சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார். அப்படியானால் பெட்ரியாவாக இருக்கலாம், அதன் நீலப் புல்லிவட்டம் பூ உதிர்ந்த பின்னும் நெடுநாள் நிற்கும். ஒரு கணு முழுதாகத் தெரியும்படி, இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு. அரளியைப் பற்றி ஹவுஸ் ஓனர் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா