காலிக் கோட்டையில் சாப்பாட்டுக் கடையும் விடுதியும் நடத்துவோருக்கு

அன்புள்ள உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். போன மார்கழி விடுமுறையில் அம்மா, அக்கா குடும்பம், என் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் வேன் பிடித்து உங்கள் ஊருக்கு வந்தோம். அம்மா 33 வருஷம் கொழுந்து பறித்தவர். கடலைப் பார்த்தபடி ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அம்மா மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். கோட்டைக்குள் ஒரு கடையில் உட்கார்ந்தோம். மெனு முழுக்க ஆங்கிலம். அக்காவின் மகன் வாசித்துச் சொல்ல, சோறு, பருப்பு, போஞ்சி, தேங்காய்ச் சம்பல் என்று கேட்டோம். மச்சம் இல்லைதானே என்று சிங்களத்தில் விசாரித்தேன். இல்லை என்றார் பரிமாறிய தம்பி. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சம்பலில் இடிக்கிற மாசிக் கருவாட்டை அங்கே பலர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, அது உப்பு, மிளகாய் மாதிரி. அம்மா இரண்டாவது கவளத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிளேன்டீ மட்டும் குடித்தார். ஆசைப்பட்ட கடல் எதிரே இருந்தது. அந்தச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

‘மாசி சேர்த்தது’, ‘மாசி இல்லாதது’ என்று மெனுவில் தமிழில் இரண்டு வார்த்தை இருந்திருந்தால் போதும். நான் உங்களிடம் கேட்க வந்தது இவ்வளவுதான்: உங்கள் கடையிலும் விடுதியிலும் தமிழையும் எழுதி வையுங்கள்.

இது உங்கள் ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை. 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்த கல்லொன்றைப் புரட்டிப் பார்த்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு அது. அதில் சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். போர்த்துக்கேயர் 1588இல் காலியில் கோட்டை கட்டத் தொடங்குவதற்கும் 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடிப்பதற்கும் வெகு காலத்துக்கு முந்திய கல். எங்கிருந்தோ கப்பலில் வந்தவர், இந்தக் கரையில் தமிழ் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து செதுக்கச் சொல்லியிருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அடுத்தது தங்குமிடம். புறப்படுவதற்கு முன் சில இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓரிடத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள். தோட்டம் என்று சொன்னதும், அறைகள் வெளிநாட்டவருக்கு மட்டும் என்று வைத்துவிட்டார்கள். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அப்படிப் பதில் சொல்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்வேன்: நாங்களும் காசு கொடுத்துத்தான் தங்குகிறோம். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதிலிருந்து மிச்சம் பிடித்து, ஒரு வருஷம் சீட்டுக் கட்டி வருகிற குடும்பம் உங்கள் அறையைப் பாழாக்காது.

கடைசியில் எங்களுக்கு இடம் கொடுத்தது கோட்டைக்குள் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டின் முன்பக்க அறைகளை விடுகிறார்கள். உள்ளே தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. பெரிய அறையில் பாய் விரித்து ஏழு பேர் படுக்க விட்டார்கள். குளிர் ஊர்க்காரர் என்று அம்மாவுக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் வைத்தார்கள். காலையில் இடியாப்பமும் சொதியும், மாசி போடாத சம்பலும். அன்று சனிக்கிழமை, அதனால் பகலுக்குக் கொறுக்காய்ப் புளி போட்ட அம்புல் தியல். அப்படி ஒரு மீன்கறியை மலையில் நாங்கள் கண்டதே இல்லை. அப்புறம் வட்டலப்பம். சாயந்தரம் மதில் மேல் வெளிச்சவீடு வரை நடந்தோம். அம்மா மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் திரும்பிப் போகலாம் என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

விலையையும் சொல்ல வேண்டும். மெனுவில் ஒரு தொகை, பில்லில் இன்னொரு தொகை. சேவைக் கட்டணம் 10 சதவீதமும் வற் வரி 18 சதவீதமும் பிறகு ஏறுகின்றன. மொத்த விலையை முதலிலேயே போடுங்கள். எண்ணி எண்ணிச் செலவழிக்கிற எங்களுக்கு அது பெரிய உதவி.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் உங்கள் கரைக்கு வெளிநாட்டார் வருவது குறைகிறது. மழை எங்களுக்குப் பழக்கம். அந்த மாதங்களில் குடும்பத்தோடு தங்க ஒரு விலை வைத்துத் தமிழில் அறிவியுங்கள், மலையிலிருந்து வேன் வேனாக வருவார்கள்.

மெனுவைத் தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம், எழுதித் தருகிறேன். என் வகுப்பில் அழகான கையெழுத்துள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், பலகைக்கும் எழுதித் தருவார்கள். ஆவணி விடுமுறையில் அம்மா மறுபடியும் வர வேண்டும் என்கிறார். இந்தத் தடவையும் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்வோம்.

அன்புடன்,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹட்டன்