கோத்திக் ராக் வேறு, ஈமோ வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மேற்கத்திய இசைக் கட்டுரையில் கோத்திக் ராக், ஈமோ என்ற இரண்டு ராக் இசை வகைகளையும் ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு உடைக்காரர்களின் சோகப் பாட்டு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரண்டையும் விரும்பிக் கேட்கிறவன் என்பதால் வருத்தமாக இருந்தது. உடையைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம், பாட்டைக் கேட்டால் தோன்றாது.

கோத்திக் ராக் இங்கிலாந்தில், பங்க் என்ற வேகமான, கோபமான ராக் இசையின் அலை ஓய்ந்த கையோடு வந்தது. பௌஹௌஸ் குழு 1979இல் வெளியிட்ட 'பெலா லுகோசிஸ் டெட்' ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். எதிரொலிக்கும் டிரம் தட்டல், அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்கும் பேஸ் கிடார், அதன் மேல் கிடாரின் கீறல் என்று போய்க்கொண்டே இருக்கும், பாடகர் வாயைத் திறக்கவே சில நிமிடம் ஆகிவிடும். அப்போதும் கனத்த குரலில் அவர் பாடுவது தன் கதையை இல்லை, டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியின் மரணத்தை. லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவில் டிரம் வாசிப்பது ஒரு மெஷின், அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த மாறாத தாளமும் முன்னால் நிற்கும் பேஸும்தான் இந்த இசையின் இருட்டு.

ஈமோ அமெரிக்கப் பிள்ளை. 1980களின் நடுவில் வாஷிங்டனில் பங்கின் இன்னும் முரட்டு வடிவமான ஹார்ட்கோர் பங்க் வாசித்த இளைஞர்கள், வெளியே காட்டிய கோபத்தை உள்பக்கம் திருப்பினார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் 1985 ஆல்பத்தில் பாடகர் கை பிச்சியோட்டோ (Guy Picciotto) பாடும்போது குரல் உடையும், மூச்சு வாங்கும், சில இடங்களில் அலறலாகிவிடும். எல்லாமே 'நான்' என்று தன்னைப் பற்றித்தான். கறுப்பு உடை, கண்மை எதுவும் அப்போது இல்லை.

குழப்பம் வந்தது 2000களில். மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவினர் கண்மை பூசி, 2006இல் 'தி பிளாக் பரேட்' ஆல்பத்துக்காகக் கறுப்புச் சீருடையும் போட்டுக்கொண்டு சாவைப் பற்றிப் பாடியதும், பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர்களே ஈமோ என்ற பெயரை ஏற்கவில்லை. கோத்திக் ராக் பக்கத்து கியூர் குழுவைக் கேட்டு வளர்ந்த ஈமோ இசைக்காரர்கள் உண்டு, அந்த உறவை நான் மறுக்கவில்லை. அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள், இடம் இருந்தால் கோத்திக் ராக் குழுவான சூக்ஸி அண்ட் த பான்ஷீஸின் 'ஜூஜூ' ஆல்பத்தைப் பற்றி நாலு வரி சேர்த்து எழுதுங்கள், புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கோயம்புத்தூர்