செயலாளரின் ஆண்டறிக்கை: நீஸ் கடற்கரை, மலைச்சாலை சைக்கிள் வழிகள்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு செய்த பெரிய வேலை வழிப்பட்டியலைத் திருத்தியதுதான். பழைய பட்டியலில் தூரமும் ஏற்றமும் மட்டுமே இருந்தன. புதிய பட்டியலில் ஒவ்வொரு வழிக்கும் எந்த நேரத்தில் போவது, எந்தத் திசையில் சுற்றுவது, எங்கே ரயில் ஏறுவது என்பதையும் சேர்த்திருக்கிறோம். ஞாயிறு காலை 7 மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் சாலையில் வேலை நாள் மாலை 5.30 மணிக்கு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். நேரத்தைச் சொல்லாமல் 'அமைதியான வழி' என்று எழுதினால் புது உறுப்பினர்களை ஏமாற்றுவது போலாகிவிடும்.

முதலில் கோர்னிஷ் சாலைகள். தென்கிழக்குப் பிரான்சில் நீசுக்கும் இத்தாலிய எல்லையோர ஊரான மொந்தோனுக்கும் நடுவே மலைச்சரிவில் கீழ், நடு, மேல் என மூன்று அடுக்காகச் சாலைகள் ஓடுகின்றன. கீழ் கோர்னிஷ் வில்ஃப்ரான்ஷ், போலியூ, கப் தாய் வழியாகக் கடலை ஒட்டியே போகிறது. மொனாக்கோவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் அங்கே காலையும் மாலையும் மொய்க்கும். வார இறுதியில் காலை 9 மணிக்குள் முடிப்பதானால் மட்டும் அதில் போகலாம். நடு கோர்னிஷைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். கார்கள் வேகமாக வருகின்றன, சுரங்கங்கள் இருக்கின்றன, ஓரத்தில் ஒதுங்க இடம் போதாது. காட்சி அழகுதான், ஆனால் சாலையிலிருந்து கண்ணெடுத்து அதைப் பார்க்க அங்கே யாராலும் முடியாது.

எனவே மேல் கோர்னிஷே நம் முதன்மை வழி. நீஸ் நகரிலிருந்து ஏஸ் கணவாய் வரை சுமார் 10 கி.மீ., சராசரி 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான ஏற்றம், உச்சி 500 மீட்டருக்குச் சற்று மேல். பாரிஸ்–நீஸ் பந்தயத்தின் தனிநபர் நேரப் போட்டி பல ஆண்டுகள் நடந்த ஏற்றம் இது. தொல்லையெல்லாம் ஊரை விட்டு வெளியேறும் முதல் சில கிலோமீட்டரில்தான்: செங்குத்தும் அங்கேதான், பேருந்தும் அங்கேதான். நாற்சந்திக் கணவாயைத் தாண்டியதும் நெரிசல் சட்டென்று குறைந்துவிடும். ஏஸ் கணவாய்க்குப் பின் லா துர்பி வரை பெரிய ஏற்றம் கிடையாது. ரோமப் பேரரசர் அகஸ்துசின் வெற்றிச்சின்னம் நிற்கும் அந்த ஊரில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளாமல் மேலே போக வேண்டாம்.

லா துர்பியிலிருந்து வடக்கே பிரியும் டி53 சாலையில் பெய்யி கிராமம், அங்கிருந்து மதோன் கணவாய் (சுமார் 925 மீ.), பிறகு செந்த் அஞ்ஞேஸ் பக்கமாக மொந்தோனுக்கு இறக்கம், மொந்தோனில் ரயில். உறுப்பினர்கள் அதிகம் கேட்கும் வழி இது. ட்ரெக் நிறுவனம் தன் பந்தய சைக்கிளுக்குப் பெயர் எடுத்ததும் இந்தக் கணவாயிடமிருந்துதான். சுற்றை எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில் செயற்குழுவில் நிறைய விவாதம் நடந்தது. மொந்தோன் பக்கத்திலிருந்து ஏறினால் சுமார் 13 கி.மீ.க்கு 6.5 முதல் 7 விழுக்காடு, மூச்சு வாங்க இடமே கிடைக்காது. பெய்யி பக்கத்திலிருந்து 300 மீட்டர் உயரம் ஏறினால் போதும். ஆனால் அப்போது மொந்தோன் வரையிலான முழு இறக்கத்தையும் பிரேக்கில் சமாளிக்க வேண்டும். ஏற்றம் பழகாதவர்களுக்குப் பெய்யி வழி, பிரேக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மொந்தோன் வழி என்று முடிவாயிற்று. பெய்யி பக்கத்தில் விளக்கில்லாத குட்டிச் சுரங்கங்கள் உண்டு. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் சில நொடிகள் கண் இருண்டுவிடும், தரையும் ஈரமாக இருக்கும். முன்விளக்கையும் பின்விளக்கையும் பகலிலும் எரியவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியை நுழைவதற்கு முன்பே மூக்குக்கு இறக்கிவிடுங்கள்.

கியர் பற்றி. முன் பல்சக்கரம் 34 பல், பின் பல்சக்கரம் 28 பல் என்று வைத்துக்கொண்டு 8 விழுக்காட்டு ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குப் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுழலும். முழங்கால் வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 63 சுற்று வரும். கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுதியை) மாற்றும்போது பின் டிரெய்லியர் (செயினை நகர்த்தும் கியர் மாற்றி) அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று பாருங்கள், குட்டைக் கூண்டு டிரெய்லியர் பலவும் தாங்காது. செயினையும் சில கண்ணி கூட்ட வேண்டிவரும். பழைய நீளத்திலேயே விட்டுவிட்டுப் முன்னால் பெரிய பல்லையும் பின்னால் பெரிய பல்லையும் சேர்த்துப் போட்டால் டிரெய்லியர் கொக்கி முறிந்து சக்கரத்துக்குள் போய்விடும்.

இறக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வருவது. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 850 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 750 கிலோஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து வேகமாக விட்டால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாகத் தேய்த்து வந்தால் அத்தனையும் ரிம்மிலோ டிஸ்க்கிலோ சூடாக இறங்கும். கார்பன் ரிம்மாக இருந்தால் அதன் பிசின் இளகும், மெல்லிய டியூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக் பட்டை பளபளத்துப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்களை மதோன் இறக்கத்துக்குக் கூட்டிப்போவதில்லை என்று வழித்தலைவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். இதில் மனத்தாங்கல் சிலருக்கு உண்டு, தீர்மானத்தில் மாற்றம் இல்லை.

அடுத்தது ப்ரோஸ் கணவாய். நீசிலிருந்து லெஸ்கரேன் வரையிலான பையோன் பள்ளத்தாக்குச் சாலையில் லாரிகள் ஓடும், அந்தப் பகுதியைச் சைக்கிளில் கடப்பதில் எந்த லாபமும் இல்லை. நீஸ்–பிரெய் ரயிலில் லெஸ்கரேன் இறங்கி அங்கிருந்தே தொடங்குங்கள். பெட்டிகள் சிறியவை, வண்டிகளும் நாளுக்குச் சிலவே. அட்டவணையை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும், ஆறேழு பேருக்கு மேல் ஒரே ரயிலில் போகக் கூடாது. கணவாய் 1,002 மீட்டர், ஏற்றம் சுமார் 10 கி.மீ., அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகள். 1934 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் தன் சக்கரத்தைக் கழற்றி அணித் தலைவருக்குக் கொடுத்த பிரெஞ்சு வீரர் ரெனே வியெத்தோவின் அஸ்தி உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து சொஸ்பெல் இறக்கம், பின் கஸ்தியோன் கணவாய் (706 மீ.) ஏறி மொந்தோன். கஸ்தியோனில் பெருஞ்சாலை சுரங்கத்துக்குள் போகும், நமக்கு மேலே போகும் பழைய சாலைதான். ஞாயிறு பகலில் ப்ரோஸ் வளைவுகளில் மோட்டார் சைக்கிள்கள் திரளும், ஆகவே சனி அல்லது வேலை நாள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டு கணவாய்களின் வடபக்க நிழலிலும் காலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். அந்த மாதங்களில் இந்த வழி பட்டியலில் இல்லை. ஜனவரியில் மொந்தே கார்லோ ராலி கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் சில மலைச்சாலைகளை மூடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

மேற்கே எஸ்தெரேல் மலையின் செம்பாறைக் கரையோரம் பொன் கோர்னிஷ், 1903-இல் திறக்கப்பட்ட சாலை. சென் ரஃபாயேல் வரை ரயிலில் போய் அகே, அந்தேயோர், த்ராயா வழியாகத் தெயூல் நோக்கித் திரும்புவதே நம் பரிந்துரை, சுமார் 30 கி.மீ. வடமேற்கிலிருந்து வரும் மிஸ்த்ரால் காற்று வீசினால் முதுகைத் தள்ளும், கடலும் நம் வலப்பக்கமே இருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. காட்சி பார்க்கும் நிறுத்திடங்கள் எல்லாம் கடல் பக்கம். நம்மைத் தாண்டிய கார் திடீரென்று வலப்புறம் ஒடித்து நம் குறுக்கே நிற்கும், நிற்கும் காரின் கதவு திறக்கும். நிறுத்திடத்துக்கு முன் ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள். விடிகாலையில் கிழக்கு நோக்கிப் போகும்போது சூரியன் ஓட்டுநர்களின் கண்ணிலும் அடிக்கும், பின்விளக்கு அங்கே கட்டாயம். ஆகஸ்டு முழுக்க இந்தச் சாலையை மறந்துவிடுங்கள்.

கோடையில் காட்டுத்தீ அபாய வரைபடத்தை வார் மாவட்ட நிர்வாகம் முந்தின மாலையே வெளியிடுகிறது. சிவப்பு நாளில் எஸ்தெரேல், மோர் காடுகளுக்குள் செல்லும் வனப்பாதைகளில் கால் வைக்கக் கூடாது.

இத்தாலியப் பக்கத்தில் குடும்பத்தோடு வருபவர்களுக்கானது ஒஸ்பெதலெத்தி முதல் சான் லொரென்சோ அல் மாரே வரையிலான 24 கி.மீ. சைக்கிள் பாதை. 2001-இல் ரயில்பாதையை மலைக்குள் மாற்றியபின் காலியான பழைய தடத்தில் அமைத்தது, அதனால் ஏற்றம் என்று ஒன்றுமே இல்லை. வெந்திமிலியா ரயில் நிலையத்திலிருந்து போர்திகெரா வழியாக அங்கே போய்ச் சேரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கார்ச் சாலை. ஞாயிறு பகலில் நடப்பவர்கள், குழந்தைகள், வாடகை நாற்சக்கர வண்டிகள் எல்லாம் அந்தப் பாதையில்தான். அங்கே வேகம் காட்ட நினைப்பவர்கள் சிப்ரெஸ்ஸாவும் (5.6 கி.மீ.) பொஜ்ஜோவும் (3.7 கி.மீ.) ஏறிவிட்டு வரட்டும். மார்ச்சில் மிலான்–சான் ரேமோ பந்தய நாளன்று அவை இரண்டும் மூடியிருக்கும்.

பராமரிப்புக் குழுவின் குறிப்பு: 28 மி.மீ. டயரில் 70–75 கிலோ ஆளுக்கு முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். கல்லாகக் காற்றடித்தால் பெயர்ந்த தார்ச்சாலையில் பிடிமானம் போய்விடும். மழைக்குப் பின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து உதிரும் கூர்ச்சில்லுகளே பஞ்சருக்கு முதற்காரணம். இரண்டு டியூப், டயரின் கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு துண்டு ரப்பர், செயின் இணைப்புக்கண்ணி, உங்கள் வண்டிக்குப் பொருந்தும் டிரெய்லியர் கொக்கி ஆகியவற்றை வைத்திருங்கள். கடலோரம் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்பு முதலில் தின்பது கேபிள் முனைகளையும் ஆரக்கம்பிகளின் அலுமினிய நிப்பிள்களையும்தான்.

சட்டம்: பிரான்சில் ஊருக்கு வெளியே இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும் ஒளிர்சட்டை கட்டாயம், இத்தாலியில் சுரங்கங்களிலும் கட்டாயம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிரான்சில் தலைக்கவசம் இன்றி அனுமதி இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். வரும் ஆண்டில் வான்ஸ், கூர்தோன், லூ பள்ளத்தாக்கு வழிகளை இதே முறையில் நேரமும் திசையும் குறித்துப் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பை வழிக்குழு ஏற்றிருக்கிறது. அதற்கு வேலை நாள் காலையில் ஓட்டக்கூடிய இருவர் தேவை, கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்