மிச்சம் வைக்கலாம், தம்பி

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எடை பார்க்கும் மெஷின், அதன் மேல் உன் இரண்டு பாதம், நடுவில் 91.4 என்று சிவப்பு எழுத்து. கீழே "ஒரே வாரத்துல நாலு கிலோம்மா!" நான் கைதட்டுகிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்த நாலு கிலோ முழுக்கக் கொழுப்பு இல்லை. உன் உற்சாகத்தில் மண் போடுவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள். சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று சேர்த்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் முதல் சில நாளில் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நாலு கிலோவை ஏழு நாளில் கரைக்க வேண்டுமானால் தினம் 4,400 கலோரி குறைய வேண்டும். நீ பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்தாலும் அவ்வளவு செலவாகாது. கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன், போட்டுப் பார்.

போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தாய். நண்பன் கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று இரண்டு மாதம் டப்பாவில் வந்த பொடியைக் கரைத்துக் குடித்தே ஓட்டினாய். பத்து கிலோ போனது. எட்டு மாதத்தில் பன்னிரண்டாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு நீ சொன்னாய், "எனக்கு வாய்க்கட்டு இல்லைம்மா, அவ்வளவுதான்." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாய்க்கட்டு இல்லாததால் வந்தது இல்லை தம்பி அது. அமெரிக்காவில் எடை குறைப்பதையே போட்டியாக நடத்தும் ஒரு டிவி நிகழ்ச்சி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டி முடிந்தபோது சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்ததாம், ஆறு வருஷத்துக்குப் பிறகும். பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கி, ஒரு வருஷமானாலும் பழைய நிலைக்கு வராமல் இருப்பதை 2011-ல் ஆஸ்திரேலியாவில் கண்டிருக்கிறார்கள். உடம்புக்குக் கல்யாணம் தெரியாது, பஞ்சம்தான் தெரியும். நீ பட்டினி போட்டாய், அது உன்னைக் காப்பாற்றப் பார்த்தது.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

உனக்கு ஐந்து வயசு இருக்கும். தட்டில் இரண்டு வாய் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுவாய். நான் விடமாட்டேன். "மிச்சம் வைக்காதே, எந்திரிக்கக் கூடாது" என்று எதிரிலேயே உட்கார்ந்துவிடுவேன். ஒரு கன்னம் உப்பி, விழுங்காமல், கண் நிறைய தண்ணீரோடு என்னையே பார்ப்பாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தட்டை எடுப்பேன். பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியும். வயிற்றைக் கேட்காதே, தட்டைப் பார் என்று உனக்கு இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

அதையும் மீறி நீங்கள் எல்லோரும் வைத்த மிச்சம் எங்கே போனது தெரியுமா? என் வயிற்றுக்குள். கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டே வழித்து வாயில் போட்டுக்கொள்வேன். அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. 46 வயசில் 78 கிலோ. முட்டி வலிக்கிறது என்று போனேன், ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். "நான் அப்படி என்ன டாக்டர் சாப்பிட்டுடறேன்" என்று சண்டைக்குப் போனேன். அந்தம்மா சிரித்துவிட்டு, ஒரு வாரம் வாயில் போவதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மூன்றாம் நாள் ராத்திரி, உன் பழைய கணக்கு நோட்டில் "மிச்சம்" என்று அன்றைக்கு ஐந்தாவது தடவையாக எழுதினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இருபது கிலோ குறை என்று அவர் சொல்லவே இல்லை. ஐந்து கிலோ குறையுங்கள், அப்புறம் பேசலாம் என்றார். அதற்குக் காரணமும் சொன்னார். வாசலில் நிற்கும் மூவாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2002-ல் முடிவு வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது, இதுதான் இலக்கு. அப்படிச் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான். உனக்கும் நீ ஆரம்பித்த 95-ல் ஐந்து கிலோ என்பதே 5 சதவீதத்துக்கு மேல். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அதற்குள்ளேயே பலன் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்று மாதத்தில் 75 என்று சுவரில் ஒட்டியிருக்கிறாயே, அந்தச் சீட்டைக் கிழித்துப் போடு.

நான் 69-க்கு வர இரண்டரை வருஷம் ஆனது. நடுவில் நாலு மாதம் முள் அசையவே இல்லை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன். முதலில் தொட்டிப் பக்கம் நிற்பதை விட்டேன். மூடி போட்ட டப்பா ஒன்றை வைத்து, பாத்திரத்தில் மீந்ததெல்லாம் நேராக அதற்குள். தட்டில் மீந்தது குப்பைக்கு. (முதல் வாரம் அழுகையே வந்தது. வீணாக்குகிறோமே என்று. என் வயிற்றில் போட்டாலும் வீண்தான் என்று புரிய நாள் பிடித்தது.) அது பழகிய பிறகு, பரிமாறும் பாத்திரத்தைச் சாப்பிடும் மேஜைக்குக் கொண்டு வருவதை நிறுத்தினேன். இன்னொரு கரண்டி வேண்டுமானால் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும். பாதி நாள் எழ மாட்டேன். அடுத்தது தட்டில் பாதி காய்கறி. அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ ஒவ்வொரு வேளையும். புரதம் இருந்தால் பசி சீக்கிரம் வராது, எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் பிடித்து நிறுத்தும். எதையும் அடியோடு விலக்கவில்லை. இனிப்பு இன்றைக்கும் சாப்பிடுகிறேன், உட்கார்ந்து, கிண்ணத்தில் போட்டு.

உன் அலமாரியில் இருக்கும் பாக்கெட்டுகளைப் பற்றி ஒன்று. 2019-ல் 20 பேரை ஒரு இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று கொடுத்துப் பார்த்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் வகையைத் தின்ற நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. நீ வேலை முடித்து ராத்திரி ஒரு மணிக்கு அந்த அலமாரியைத் திறக்கிறாய். வாங்காமல் இருப்பது சுலபம், வாங்கி வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பது முடியாத காரியம். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். பன்னிரண்டுக்காவது படு.

தினம் ஒரு மணி நேரம் ஓடப்போகிறேன் என்கிறாய். இந்த எடையில் ஓடினால் இரண்டாவது வாரம் முட்டி பிடித்துக்கொள்ளும், மூன்றாவது வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில் போகும். ராத்திரி சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நட, போதும். மெல்ல ஏற்றிக்கொள். உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம்தான் சொல்கிறது, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார், சுவரில் கை வைத்துத் தள்ளு, அதில் தொடங்கு. தினம் பத்தாயிரம் காலடி என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. அது 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக அதற்குச் சூட்டிய பேரிலிருந்து வந்தது. அரை மணி நடந்தால் 150 கலோரி போகும், நாலு பிஸ்கட்டில் திரும்பி வந்துவிடும். ஆகவே சாப்பிட்டதைக் கழிக்க நடக்கிறேன் என்று கணக்குப் பண்ணாதே. இறங்கிய எடையை அங்கேயே நிறுத்தி வைக்கத்தான் நடை பெரிசாக உதவுகிறது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மாதம் நினைவிருக்கிறதா? காய் நறுக்க நேரம் ஏது, நடக்க ஏது. கிடைத்ததைத் தின்று மூன்று கிலோ ஏறினேன். ஆனால் வீட்டுக்கு வந்த ராத்திரிகளில் தொட்டிப் பக்கம் மட்டும் நிற்கவில்லை, கை தானாக டப்பாவைத் தேடியது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் திரும்பி வந்தது. நீ எந்த மாற்றம் செய்தாலும், அந்த மாதிரி ஒரு மாதத்தில் இதை என்னால் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார். பொடியைக் கரைத்துக் குடிப்பது அதில் நிற்காது. லண்டனில் 96 பேரைக் கவனித்து 2010-ல் எழுதியிருக்கிறார்கள், ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுவாக எடுத்தால் 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லையாம். ஒரு நாள் வரம்பு மீறினால் "எல்லாம் போச்சு" என்று மறுநாள் பட்டினி கிடப்பாயே, அதை விட்டுவிடு.

மெஷினில் தினம் ஏறாதே. வாரம் ஒரு தடவை, காலையில், ஒரே கிழமையில். ஒரு டேப்பும் வாங்கிக்கொள். வயிற்றின் சுற்றளவு உன் உயரத்தில் பாதிக்குள் வர வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் வரும். வாரம் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. வாரம் ஒன்றரைக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் வருவதற்கு வாய்ப்புக் கூடும். தலை சுற்றல், படபடப்பு எதுவும் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் போ.

அடுத்த தடவை நீ வீட்டுக்கு வரும்போது தட்டில் இரண்டு வாய் மிச்சம் வை. என் கை பழக்க தோஷத்தில் கரண்டியைத் தூக்கினால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஏழரை மணிக்கு நான் நடக்கக் கிளம்புவேன். நீயும் செருப்பை மாட்டிக்கொண்டு அப்போது கூப்பிடு. பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு வரக் கூடாது, அந்த வேகம்தான் சரி என்று டாக்டர் சொன்னார். எனக்கு எப்படியும் பாட வராது. உனக்கு மூச்சு வாங்கினால் கொஞ்சம் மெதுவாக நட, நான் பேசிக்கொண்டே வருகிறேன்.

அம்மா